பாதிக் கதைக்குச் சிவப்பு அட்டை

தங்கை சுசித்ராவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதில் மாதேஸ்வரிக்குத் தனிப் பெருமை. ஓசூர் சிப்காட்டில் பைக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சுசித்ராவுக்குச் சோதிக்கிற வேலை. முடியளவு கீறல் தெரிந்தாலும் சிவப்பு அட்டை கட்டி ஓரங்கட்டிவிடுவாள். சூப்பர்வைசரே கெஞ்சினாலும் அட்டை இறங்காது.

அப்படிப்பட்டவள் போன வருஷம் வேலையிலேயே மயங்கி விழுந்தாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு புள்ளி இரண்டு. நான்கே மாதத்தில் பன்னிரண்டைத் தொட்டது. சந்தோஷத்தில், களி கிண்டுவதையும் முருங்கைக்கீரை உருவுவதையும் படம் பிடித்து, "ஏழுல இருந்து பன்னெண்டு" என்று வீடியோ போட்டாள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஜூஜுவாடியில் அவர்கள் தெருவில் கீரைக்கட்டு காலை எட்டு மணிக்கே தீர்ந்துபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக் காவியா வந்தாள். ஆறு மாத வயிறு, முகம் வெளுத்திருந்தது.

"சுசிக்கா, நீங்க சொன்னபடியே தினம் களி, கீரை. ஒம்பது இருந்தது எட்டுக்கு எறங்கிடுச்சு. இன்னும் கொறஞ்சா ரத்தம் ஏத்தணுமாம்."

"நர்சம்மா குடுத்த மாத்திரை?" என்றாள் மாதேஸ்வரி.

"வாந்தி வருதுன்னு நிறுத்திட்டேன். சுசிக்கா மாத்திரை இல்லாமதான ஏத்துனாங்க?"

மாதேஸ்வரி தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நான்கு மாதமும் தினம் ஒன்றாக நூற்றிருபது இரும்புச்சத்து மாத்திரையை எண்ணிக் கொடுத்தவள் மாதேஸ்வரிதான். அதில் இரண்டை மட்டும்தான் தங்கை விழுங்காமல் ஏமாற்றியிருந்தாள்.

"ஏன்டி, அத சொல்லவே இல்லையா?"

"அத தின்னா வெளிக்கு கருப்பா போகும்க்கா. அத எப்பிடி சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

"நைட்டியோட நின்னு நாப்பதாயிரம் பேருக்குக் களி கிண்டிக் காட்டுனப்ப வராத வெக்கமாடி?"

காவியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுசித்ரா சிரிக்கவில்லை. வீடியோவின் மேலே 'இது பாதிக் கதை' என்று சிவப்பில் எழுதினாள். மாத்திரை அட்டையைக் கையில் பிடித்து, நிறம் உட்பட எல்லாவற்றையும் சொல்லி இன்னொரு வீடியோ போட்டாள். அதை முந்நூறு பேர்கூடப் பார்க்கவில்லை. உடனே பழைய வீடியோவின் கீழே எழுதியிருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒவ்வொருவராகப் பதில் போட உட்கார்ந்தாள்: "நான் மாத்திரையும் சாப்பிட்டேன். நீங்க நிறுத்தாதீங்க." முடிய மூன்று நாள் ஆனது.

காவியா நர்சம்மாவிடம் கேட்டு, சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை போட ஆரம்பித்தாள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே போன் வந்தது.

"சுசிக்கா, ஒம்பதரை! நானும் ஒரு வீடியோ போடட்டுமா?"

"மொதல்ல புள்ளைய பெறு," என்றாள் சுசித்ரா. "இன்னிக்கி மாத்திரை போட்டியா?"