ஐயாவு தொடாத இரண்டு நாள்

ஐஸ்கிரீம் கப்போடு வரும் தட்டை மரக்கரண்டியால்தான் ஐயாவு லேகியத்தை எடுப்பார். சுண்டைக்காய் அளவு. கூடிவிட்டால் விளிம்பில் வழித்து டப்பாவிலேயே விட்டுவிடுவார். நாக்கில் தடவியதும் கரண்டியைக் கழுவிச் சட்டைப் பையில் பேனா மாதிரிக் குத்திக்கொள்வார். அதன்பின் அரை மணி நேரம் பங்சர் ஒட்ட வந்தவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தமானின் ஹட் பே தீவுத்துறையில், நான் உட்காரும் கப்பல் டிக்கெட் கவுண்டருக்கு எதிரே அவர் கடை. சுனாமியன்று தோட்டத்து லைன் வீட்டுச் சுவர் அவர் இடுப்பில் விழுந்தது. "பொறந்தது சிலோன் பண்டாரவளை, ஒடஞ்சது இங்க" என்பார். எந்த மாத்திரைக்கும் வலி கேட்காமல் போகவே, சென்னைச் சித்த மருத்துவர் ஒருவர் கஞ்சா இலை சேர்ந்த இந்த லேகியத்தை, முத்திரை வைத்த கடிதத்தோடு கொடுத்தார். போதையை இங்கே எல்லோரும் இந்தியில் நஷா என்பார்கள். "நஷா இல்ல தம்பி, மருந்து" என்று, கேட்காதவர்களிடமும் கடிதத்தை நீட்டுவார்.

மனைவி சந்திரமதி பிரிந்து போர்ட் பிளேருக்குப் போனபோது, ஒன்பது வயது மகள் ஷீலா அவரிடமே இருந்தாள். காலையில் கடை வாசலில் வைத்து இரட்டைப் பின்னல் போட்டுவிடுவார். ஒன்று எப்போதும் மேலே ஏறியிருக்கும். "கஞ்சா திங்கிற ஆளுகிட்ட பொம்பளப் புள்ள எப்பிடி இருக்கும்" என்று சந்திரமதி வழக்குப் போட்டாள்.

வாய்தாவுக்குத் தனக்கும் ஷீலாவுக்கும் டிக்கெட் எடுக்க வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. "கீழ் பங்க் குடு தம்பி, ஏற முடியல." லேகியம் தொட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. "ஜட்ஜு முன்னுக்கு சுத்தமா நிக்கணும்ல."

வரிசையில் பின்னால் நின்ற பக்கத்துக் கடை உதயசூரியன், "கோர்ட்டுக்கா போறீங்க, சபரிமலைக்கா? விரதம் பலமா இருக்கு" என்றார். ஐயாவு சிரிக்கப் பார்த்தார்.

திரும்பும் கப்பலில் தனியாகத்தான் இறங்கினார். மாதம் ஒரு சனிக்கிழமை மகளைப் பார்க்கலாமாம். கேட்டவர்களிடம், "அங்க ஸ்கூல் நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பின் நகலைக் கொண்டுவந்து படித்துச் சொல்லச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்தது. மருத்துவரின் கடிதத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது. லேகியம் மருந்துதான், அது தடையில்லை என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, வாய்தா அன்று அவரை விசாரித்த குழந்தைகள் நல அலுவலரின் குறிப்பு: தந்தையின் கைகள் நடுங்கின, வியர்த்துக்கொட்டியது, பதில் சொல்லாமல் பல்லைக் கடித்தார், மருந்து மட்டும் உண்பவருக்கு இப்படி ஆகாது, வேறு போதைப் பழக்கம் இருக்க வேண்டும்.

"எந்த வரி?" என்றார் ஐயாவு.

காட்டினேன். அதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். விரலை எடுக்கவில்லை.