பெயருக்குப் பக்கத்தில் மூன்று எழுத்து

இந்த நாட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தைக் கண்டாலே எனக்குப் பயம். அகதியாக வந்தபோது என் வதிவிட அட்டையில் ‘என்’ என்று போட்டார்கள். பிறகு ‘எஃப்’, பிறகு ‘பி’. நிரந்தரமாக இருக்கலாம் என்ற ‘சி’ கிடைக்கும்வரை தபால்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் திருப்பி அனுப்பும் கடிதம் கிடக்கிறதா என்றுதான் பார்ப்பேன். ஆகவே, என் மகள் நிவேதா கட்ட விரும்பும் லுக் என்ற பையனின் தாய் எலன், அவனோடு வந்து, ரெனான் நகரில் எங்கள் வீட்டு மேசையில் தன் குடும்ப மரம் வரைந்த தாளை விரித்தபோது, நான் பெயர்களைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த எழுத்துகளைத்தான் பார்த்தேன்.

அதைக் கொண்டுவரச் சொன்னவனே நான்தான். எங்கள் ஊரில் சம்பந்தம் பேசுமுன் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்போம். சந்திக்கடையில் சோடா குடிக்கிற சாட்டில் முழுக் கதையையும் பிடுங்கிவிடலாம். இங்கே யாரிடம் கேட்பது? பக்கத்து வீட்டுக்காரர் ‘பொஞ்ஜூர்’ சொன்ன கையோடு கதவைச் சாத்திவிடுவார். எலன் அமெரிக்காவில் பிறந்தவர். மூதாதையர் குவேக்கர்களாம். பாதிரியார் இல்லாமல் கூடியிருந்து மௌனமாக வழிபடும், போருக்குப் போகாத கிறிஸ்தவர்கள். அவ்வளவு மௌனமாக இருப்பவர்கள் எதையோ மறைப்பார்கள் என்றே எனக்குப் பட்டது.

சபைப் பதிவுகளிலிருந்து எடுத்தபடியே, அவருடைய பூட்டனார் பெயருக்குப் பக்கத்தில் ‘டி.ஐ.எஸ்.’ என்று இருந்தது. பூட்டனாரின் சகோதரிக்கும் அதே. எனக்கு ஆங்கிலம் அரைகுறை. மனைவியின் காதில் குசுகுசுத்தேன்.

“இஞ்ச பாரும், ஏதோ பரம்பரை நோய் வருத்தம் போல கிடக்கு.”

“சும்மா இருங்கோப்பா. மனுசிக்கு விளங்கப்போகுது.”

நிவேதா பொறுமையிழந்து எலனிடமே கேட்டாள். “அப்பா, அது சபையால விலக்கினதாம். பக்கத்தில எம்.ஓ.யு. எண்டு கிடக்கெல்லோ, அது சபைக்கு வெளியில கலியாணம் செய்ததாம். அதுதான் குற்றம்.”

என் முகம் வெளிறியிருக்க வேண்டும். முந்தின கிழமைதான் ஊரிலிருந்து அண்ணை சொல்லியிருந்தார்: “வெள்ளைக்காரனுக்குக் குடுத்தியெண்டால் எங்கட வாசல் மிதியாத.”

உங்கள் ஊரில் இதற்கு என்ன எழுதுவீர்கள் என்று எலன் சிரித்தபடி கேட்டார். “எழுதமாட்டோம். நல்லது கெட்டதுக்குச் சொல்லமாட்டோம்” என்றேன், உணவகச் சமையலறையில் பொறுக்கிய பிரெஞ்சில். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். விலக்கப்பட்டவர்களின் வழியில் வந்த லுக், குடிக்காத கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். நிவேதா என்னையே பார்த்தாள். அவளை இழக்க எனக்கு மனமில்லை. இனி விசாரிக்கவும் ஒன்றுமில்லை.

“சரி, செய்யுங்கோ” என்றேன். மனைவி அழுதுவிட்டாள்.

எலன் மரத்தில் நிவேதாவின் பெயரையும் அதற்கு மேலே என் பெயரையும் எழுதினார். பக்கத்தில் ஏதும் எழுத்துப் போடுகிறாரா என்று பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போடவில்லை. தாளை எங்களிடமே விட்டுப் போனார்.

அவர்கள் போனதும் அண்ணைக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன். முழுதாகச் சொல்லி முடிக்குமுன்னே வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன்; எடுக்கவில்லை. மேசையிலிருந்த தாளை இழுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் நானே பென்சிலால் எழுதினேன்: டி.ஐ.எஸ்.