கருவாட்டுத் தண்ணீர் ஊற்றிய செடிகள்

எழுபதுகளில் மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையை ஒரு வெள்ளைக்காரனுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு வாடகை சைக்கிள் கடை. அங்கே வந்து பழக்கமானவன். ஒருநாள் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினான். ஜன்னலோரம் இருந்த நான்கு தொட்டிகளைக் காட்டி, சொம்பைக் கவிழ்ப்பதுபோல் சாடை செய்தான். தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். ஊற்றினால் போச்சு.

எங்கள் பக்கத்தில் மீன் கழுவிய தண்ணீரை வீணாக்க மாட்டோம். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் அதுதான் தீனி. அந்த வாரம் மீன் கிடைக்காமல் கருவாடுதான் சமைத்தேன். கருவாடு ஊறிய தண்ணீரை அந்தத் தொட்டிகளுக்கும் ஊற்றினேன். இலை நுனி கருகியது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன்; கீழ் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. மண்ணைத் தொட்டால் சொதசொதவென்று ஈரம், மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அடிப்பாவி, உப்பைப் போட்டுக் கொல்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி மண்ணை அலசி, பிறகு காயவிட்டேன். துளிர் வந்தது. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது. வெள்ளைக்காரனைப் பற்றி விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். பின்னறைக்குள் போனவர் ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா, கஞ்சாவ வூட்லயே வளத்துகினு கீறீங்களா?"

யா அல்லா! இன்ன செடியென்றே தெரியாது சார் என்று அழுதேன்.

"அழுவாத. நல்லா வளத்து வை. பூ வச்சதும் நானே வந்து எடுத்துக்கறேன். செடி காணாம போச்சுன்னா உன் வூட்டுக்காரன் உள்ள போவான்."

அன்று என் வீட்டுக்காரர் சோற்றைத் தொடவில்லை.

"புடுங்கிப் போட்டா உள்ள வப்பான். வளத்துக் குடுத்தாலும் வுட மாட்டான், இன்னும் வளத்துக் குடுன்னுவான். இன்னாடி பண்றது?"

அவர் என்னிடம் யோசனை கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. அதைக் கேட்டதும் பயத்தோடு எனக்கு ஆத்திரமும் பொங்கியது. செடி காணாமல்தானே போகக்கூடாது? நோய் வந்து செத்தால் யார் என்ன செய்ய முடியும்? அந்த நோய் எனக்குத் தெரியும். உப்பைக் கரைத்து நாலு தொட்டிக்கும் ஊற்றினேன். மறுபடி நுனி கருகியது, மறுபடி மஞ்சள் ஏறியது. இந்தமுறை மண்ணை அலசவில்லை.

போலீஸ்காரர் திரும்பி வந்தபோது தொட்டிகளில் குச்சிகள்தான் நின்றன. குனிந்து, மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு கரிக்குது. இன்னா ஊத்தின?"

"கெணத்துத் தண்ணிதான் சார். கடலோரமாச்சே, அப்படித்தான் கீது."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரோ இளநீர் மாதிரி இருக்கும். தெருவே வந்து மொண்டு போகும்.

"அப்படியா? ஒரு சொம்பு கொண்டா, பாப்பம்."

அடுப்படிக்குள் போனேன். ஜாடிக்குள் கைவிட்டு ஒரு பிடி உப்பை அள்ளிச் சொம்புத் தண்ணீரில் போட்டு விரலாலேயே கலக்கினேன். கல்லுப்பு கரையவே மாட்டேன் என்றது. "இன்னாம்மா, கெணறு வெட்டுறியா?" என்று அங்கிருந்து சத்தம் வந்தது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்துத் தூவென்று துப்பினார். என் முகத்தையே பார்த்தார். பிறகு சொம்பை நீட்டினார்.

"இதத்தான் டெய்லி குடிக்கிறீங்களா? எங்க, நீ குடி."

அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுளித்தால் இந்த மனுஷனைக் கூட்டிப்போய்விடுவார்கள் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அண்ணாந்து குடித்தேன். கடைசியில் கரையாத கல்லுப்பு வாய்க்குள் வந்து விழுந்தது. அதையும் விழுங்கினேன்.

"பழகிப்போச்சு சார்" என்றேன்.