மச்சாளோடு கதைத்த மெஷின்

லண்டன் கோலியர்ஸ் வுட் சூப்பர் மார்க்கெட்டில், நாங்களே பில் போட்டுக்கொள்ளும் மெஷின் ஒன்று இருக்கிறது. பையில் எதையாவது பிழையாக வைத்தால் பெண் குரலில் அதட்டும். என் மாமாவின் மகள், அதாவது மச்சாள், அதனிடம் மரியாதையாக மன்னிப்புக் கேட்டு "சொறி அக்கா" என்பாள்.

"சிரிக்காதேங்கோ மச்சான். இந்த நாட்டில என்னோட இங்கிலிஷ் கதைக்கிறது இவ ஒராள்தான்."

பொய்யில்லை. விடியமுன் ஆளில்லாத அலுவலகங்களில் கிளீனிங், பகலில் சமையல், பிள்ளைகள். நூலகத்தில் அவள் போய்வந்த இலவச ஆங்கில வகுப்பையும் அரசாங்கத்தார் இழுத்து மூடினார்கள். மூடிய கையோடு, ஆங்கிலம் பேசிக் காட்டினால்தான் புருஷன் பிள்ளைகளோடு இங்கே நிரந்தரமாக இருக்கலாம் என்றார்கள். கிணற்றைத் தூர்த்துவிட்டுத் தண்ணீர் எங்கே என்று கேட்கிற நியாயம்! நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

பரீட்சைக்கு நான்தான் துணை. லண்டனில் தலை நரைத்தவன் என்ற எடுப்போடு வெளியே கதிரையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. பரீட்சகர் முகம் சிவக்க நின்றார். மச்சாள் உள்ளே போனதும் கைப்பையைத் திறந்து, வீட்டில் பொரித்த மட்டன் ரோல்ஸ் இரண்டை அவர் மேசையில் வைத்திருக்கிறாள். வெறுங்கையோடு ஓரிடத்துக்குப் போகிற பழக்கம் எங்கள் சனத்துக்கு ஏது? அவரோ அது லஞ்சம், பரீட்சையை நிறுத்தப் போகிறேன் என்றார்.

விளக்க வேண்டியவன் நான். வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் சேர்த்த ஆங்கிலம் முழுக்கப் பின்கதவால் ஓடிவிட்டது. "சொறி... ரோல்ஸ்... நோ சில்லி" என்றேன். காரமில்லையாம்! அவர் அதைத்தானே கேட்டார்!

மச்சாள் எழும்பினாள். உடைந்த ஆங்கிலத்தில், ஆனால் நிமிர்ந்து சொன்னாள்: நீங்கள் காலமையிலிருந்து இருக்கிறீர்கள், பசிக்குமென்று கொண்டுவந்தேன். வேண்டாமென்றால் விடுங்கள். இனிக் கேள்வியைக் கேளுங்கள்.

மனிதர் உள்ளே போய்க் கேள்வியைக் கேட்டார். மச்சாள் பாஸ். இந்த நாட்டில் வகுப்புக்கு வெளியே ஒரு மனிதரோடு அவள் முதன்முதல் கதைத்த ஆங்கிலம் அது. அதையும் தான் லஞ்சக்காரி இல்லையென்று காட்டவே செலவழிக்க வேண்டியிருந்தது.

இப்போது பிரிட்டிஷ் பாஸ்போட் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. வேலை அதே வெறும் அலுவலகங்களில். பக்கத்து வீட்டுக்காரர் குப்பை வாளியைப் பற்றி மட்டும் கதைப்பார். போன சனிக்கிழமை அதே மெஷின் மச்சாளை மறுபடி அதட்டியது.

"நான் பாஸ் பண்ணிட்டன், அக்கா," என்றாள் தமிழில். "கதைக்க ஆக்கள் எங்க?"

சொறி சொல்லவில்லை.