நல்லநாள் கதை கேட்ட எங்கள் அக்கா

அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகையை விட நிம்மதியே முந்திக்கொண்டு வருகிறது. அது ஏன் என்று, இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அக்கா வடமராட்சியில் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டத்தில் அப்பாவுக்கு வயற்காணி கிடைத்தது. தம்பியும் நானும் அங்கேதான் பிறந்தோம். அம்மா இளவயதிலேயே போய்விட்டார். அன்றிலிருந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டதும் படிக்க அனுப்பியதும் அக்காதான். கலியாணப் பேச்சு வரும்போதெல்லாம், "இவை முதல்ல வளரட்டும்" என்று தள்ளிவிடுவார்.

போரால் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்த காலத்தில், எங்கள் வளவில் கிடுகுக் கொட்டில் போட்டு அக்கா முன்பள்ளி தொடங்கினார். நான் அவருக்கு உதவியாக இருந்தேன். இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளும், மலையகத்திலிருந்து வந்து வாய்க்காலுக்கு அப்பால் குடியேறியவர்களின் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்தார்கள்.

ஒரு தீபாவளி முடிந்த மறுநாள் அக்கா, "உங்கட வீட்டில நல்லநாளுக்கு என்ன செய்யிறவை?" என்று பிள்ளைகளிடம் கேட்டார். புதுச்சட்டை, வடை, கோயில் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மலையகக் குடும்பத்துப் பிள்ளை சாந்தி எழுந்து, "செத்துப்போன தாத்தாவுக்குக் கோழிக்கறியும் சுருட்டும் வச்சுக் கும்பிடுவோம் டீச்சர்" என்றாள்.

"இவை பேய்க்குப் படைக்கிறவை!" என்று கத்தினான் கண்ணன். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். கொட்டில் முழுவதும் சிரித்தது. யாரோ ஒரு பிள்ளை, தன் வீட்டில் பெரியவர்கள் மலையக மக்களைச் சொல்லும் இழிசொல்லையும் சேர்த்துச் சொன்னது.

அடுத்த நாள் சாந்தி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையால் போனார். நானும் பின்னால் ஏறி இருந்து போனேன்.

சாந்தியின் தாய் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. "புள்ள சும்மாதானே இருந்திச்சி டீச்சர்? நீங்க கேக்கப்போயித்தானே சொல்லிச்சி" என்றார்.

"ஓம். கேட்டது நான்தான். சிரிச்சவையை உடனே மறிக்காமல் விட்டதும் நான்தான்," என்றார் அக்கா. "நீங்கள் வந்து அந்தப் பிள்ளையளுக்குச் சொல்லுவீங்களோ?"

"நானா? எனக்கு என்னா தெரியும்?"

"உங்கட அப்பாவைப் பற்றி உங்களை விட ஆருக்குத் தெரியும்?"

 மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் அந்தத் தாய், மகளின் கையைப் பிடித்தபடி கொட்டில் வாசலில் வந்து நின்றார். அக்கா அவருக்குத் தம்முடைய கதிரையைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு பாயில் இருந்தார்.

"எங்கப்பா கலவரத்துல என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு காட்டு வழியா வந்தவரு. சுருட்டுன்னா அவருக்கு உசுரு," என்று அந்தத் தாய் சொன்னார். "அவரு வந்து சாப்பிடுவாரான்னு எனக்குத் தெரியாது. அவரை விட்டுட்டு நாங்க மட்டும் சாப்பிட மனசு வரல."

யாரும் சிரிக்கவில்லை. கண்ணன் மெதுவாக, "எங்கட அப்பப்பாவுக்குப் பனங்காய்ப் பணியாரம் விருப்பம். அதையும் வைக்கலாமோ?" என்று கேட்டான்.

"வைக்கலாமே கண்ணு," என்றார் அந்தத் தாய்.

ஆனால் பொழுது சாய்வதற்குள் ஊரில் கதை பரவிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இறைச்சிப் படையல் படிப்பிக்கிறாவாம், பிள்ளைகளை அங்கே போகவிடாமல் மறிக்க வேண்டும் என்று சிலர் பேசினார்கள். மறுநாள் காலை கண்ணனின் தகப்பன் படலையடியில் சைக்கிளை நிறுத்தினார். கொட்டிலைப் பூட்டத்தான் வேண்டிவரும் என்று நினைத்து அக்கா எழுந்து நின்றார். 

"ரீச்சர், நேற்றுப் பெடியன் வந்து அப்பப்பா எப்பிடி இருந்தவர் எண்டு கேட்டவன்," என்றார் அவர். "ஐயா வாற வழியில செத்தவர். ஒழுங்கா ஒரு கிரியை கூடச் செய்யேல்லை. அதுக்குப் பிறகு வீட்டில நாங்கள் அவற்ர பேரை எடுக்கிறதே இல்லை. நேற்றுத்தான் எல்லாம் சொன்னனான். பிள்ளைக்கு முன்னால அழுதும் போட்டன். இப்ப நெஞ்சுப் பாரம் இறங்கினமாதிரிக் கிடக்கு."

பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளை வந்திட்டுதோ?" என்று கேட்டார். சாந்தி முன்வரிசையில் இருந்தாள். அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அதன்பின் எந்தப் பிள்ளையையும் யாரும் மறிக்கவில்லை. தைப்பொங்கல், வருஷப்பிறப்பு என எந்த நாள் வந்தாலும் ஒரு தாயோ தகப்பனோ அந்தக் கதிரையில் இருந்து தம் வீட்டுக் கதை சொல்வது வழக்கமாகிவிட்டது.

கடைசி மாதங்களில் அக்காவின் சிறுநீரகம் பழுதாகி, உடம்பு வீங்கி, மருந்தும் தட்டுப்பாடாகி மிகவும் வருந்தினார். தம் வயல் வேலையை விட்டுவிட்டு ட்ராக்டரில் வைக்கோல் பரப்பி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அயலவர்களையும், இருந்த மருந்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும் பட்ட கடனையும் நாங்கள் மறக்க மாட்டோம். கடைசி நாள் காலை நோவு விட்டிருந்தது. அக்கா யன்னலைத் திறக்கச் சொன்னார். நான் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். "இப்ப சுகமாக் கிடக்கு, பிள்ளை" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினார். அந்தத் தூக்கத்திலேயே போனார்.

அவர் வாயால் 'சுகமாக் கிடக்கு' என்ற அந்தச் சொல்லை நாங்கள் கேட்கும்படி செய்த உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறோம்.

தங்கை