ஒரு நிமிடம் ஓடவிட்ட வண்டி

என் தம்பி அச்சரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி ரோட்டோரம் டீசல் வண்டி மெக்கானிக்காக இருந்தான். நான் கல்பாக்கத்தில் ஃபைல் தள்ளுகிறவன். எனக்கு வண்டியைப் பற்றி ஒரு இழவும் தெரியாது என்பது அவன் கட்சி. தெரியாததால்தான் அவனோடு தைரியமாகச் சண்டை போட்டேன்.

சண்டை எங்கே தொடங்கினாலும் டர்போவா சூப்பர்சார்ஜரா என்பதில் வந்து நிற்கும். இரண்டுமே இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சாமான்கள். சூப்பர்சார்ஜரை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது, மிதித்தவுடன் இழுக்கும். டர்போவைச் சுற்றுவது வெளியே போகிற புகை. அது வேகம் பிடிக்கும்வரை வண்டி கொஞ்சம் யோசிக்கும். அவன் சூப்பர்சார்ஜர் கட்சி. செல்போனில் பார்த்ததோடு சரி, ஒன்றையும் கையால் தொட்டதில்லை.

“மிதிச்சவொடனே வரணும்ணா, அதான் வண்டி. உன் டர்போ உன்ன மாரியே. கூப்ட்டா நிதானமா வருது.”

“இன்ஜின் பலத்தையே தின்னுட்டு ஓடுறது ஒரு பெருமையாடா? டர்போ வீணா போற பொகையில வேல வாங்குது.”

ஆனால் என்னைப் பற்றி அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அம்மாவுக்கு முடியவில்லை என்றால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு கிரீஸ் கையோடு ஓடியவன் அவன்தான். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் போய்ச் சேருவேன்.

நான் வாங்கிய டர்போ வண்டியில் முதல் டர்போவை நானே கெடுத்தேன். வேகமாக வந்து நின்றதும் சாவியைத் திருப்பிவிடுவேன். அப்படி அணைத்தால் கொதிக்கிற டர்போவுக்கு ஆயில் போவது நின்று, உள்ளே இருக்கிற ஆயிலும் கருகிவிடுமாம். கழற்றிக் காட்டி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினான்.

“ஒரு நிமிசம் சும்மா ஓட வுட்டு ஆஃப் பண்ணுண்ணா. அறுவது எண்ணத் தெரியும்ல? அந்த ஒரு நிமிசத்துல இன்னா குடியா முழுகிப்பூடும்?”

அன்றிலிருந்து எண்ணினேன்.

போன வருஷம் அவனுக்கு நெஞ்சுவலி வந்து செங்கல்பட்டில் சேர்த்திருந்தோம். தேறி வருகிறான் என்றுதான் நினைத்தோம். மூன்றாம் நாள் மத்தியானம் அவன் மனைவி போன் செய்தாள். “மறுபடி ஒரு மாரி கீதுன்றாரு. உங்கள பாக்கணுமாம். ஒடனே வாங்க மாமா.”

திருக்கழுக்குன்றம் வழியாக நான் அப்படி ஓட்டியதே இல்லை. லாரியை முந்த மிதித்தபோதெல்லாம் வண்டி முதலில் யோசித்தது, பிறகு முதுகை சீட்டோடு அழுத்திக்கொண்டு பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலுக்காகத்தான் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. அன்றைக்கு அந்த யோசனையை மட்டும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் அவன் அறை ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினேன். கை சாவிக்குப் போனது, ஆனால் திருப்பவில்லை. எண்ணத் தொடங்கிவிட்டேன். முப்பதில் நிறுத்தியிருக்கலாம், அறுபதும் எண்ணினேன். மேலே தம்பி கிடக்கிறான், கீழே நான் டர்போவை ஆறவைத்துக்கொண்டிருந்தேன். மாடி ஏறியபோது அறைக்குள் டாக்டர் இருந்தார். அவன் மனைவி வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இப்பதான் மாமா,” என்றாள். “இப்பதான்.”

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வண்டியை ஒரு நொடிகூட சும்மா ஓடவிட்டதும் இல்லை. டர்போ போனால் போகட்டும் என்றிருந்தேன்.

வருஷ திதிக்குக் கடலில் முழுகிவர தம்பி மனைவியை மாமல்லபுரம் அழைத்துப் போனேன். நிறுத்தியதும் சாவியைத் திருப்பினேன்.

“ஒடனே ஆஃப் பண்ணிட்டீங்க? அவரு இருந்தா கத்துவாரு.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“வண்டி சத்தம் மேல கேட்டுச்சி மாமா. ‘அண்ணன் வந்துட்ச்சி’ன்னாரு. நான் ஜன்னலாண்ட போய் கூப்புடப் பாத்தேன். வேணாம்னுட்டாரு. ‘ஓட வுட்டுகினு கீது, எண்ணி முடிச்சிட்டு வரட்டும்’னு சிரிச்சாரு. அவரும் எண்ண ஆரம்பிச்சாரு. நாப்பத்திரெண்டு வரிக்கும் எனக்குக் கேட்டுச்சி. அப்புறம் வலி வந்துட்ச்சி.”

என் மனசு ஆறட்டும் என்றுதான் சொன்னாள். எனக்கு ஆறவில்லை. கடலுக்குப் போகாமல் வண்டியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள்தான் கதவைத் திறந்து என்னை இறக்கினாள்.

சாயங்காலம் அச்சரப்பாக்கத்தில் அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். சாவியைத் திருப்பவில்லை. அவளும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். வாய்க்குள் எண்ணத் தொடங்கினேன். நாற்பத்திரண்டுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை.