பாய்லர் தண்ணீரின் நிறம்

'நீர்ப் பரிசோதனை உதவியாளர்: மேற்பார்வையின் கீழ் மாதிரி எடுத்து அளவுகளைக் குறிப்பவர். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை' என்கிறது ஆஸ்பத்திரியின் பணி விவரப் பட்டியல். அதை எழுதியவர் அந்த வேலையில் இருக்கும் அம்மாளைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பாய்லர் அறையில் யார் எப்போது டீ குடிக்கலாம் என்பதுவரை அவர் வைத்ததுதான் சட்டம். 'ஜட்ஜம்மா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பாய்லரை ஓட்டுபவர் அவருடைய கணவர். வீட்டில் வாய்தா வாங்கியே காலம் தள்ளுபவர்.

அன்று காலை, பாய்லருக்குப் போகும் தண்ணீரைக் குடுவையில் பிடித்து மருந்தைச் சொட்டினார் ஜட்ஜம்மா. நீலம் வந்தால் பிழைத்தோம். சிவப்பு வந்தால் தண்ணீரில் சுண்ணாம்பு. கூச்சமே இல்லாமல் சிவப்பு வந்தது. குடுவையைக் கழுவி மறுபடி பார்த்தார். அதே சிவப்பு.

"ஏங்க, சுண்ணாம்பு பிடிக்கிற தொட்டியை நேத்து உப்புத்தண்ணி விட்டுக் கழுவினீங்களா?"

கணவர் தலையைச் சொறிந்தார். "கழுவப் போறப்பதான், உங்கம்மாவுக்கு மூச்சுத் திணறுதுன்னு மேல வார்டுலேருந்து கூப்பிட்டாங்க. நீ பயந்துடுவேன்னு சொல்லலை. இப்ப பரவாயில்லை. கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, விட்டாத்தானே!"

"எங்கம்மாவா? உங்களைக் கண்டாலே ஆகாதே அவங்களுக்கு!"

"அதான் அந்தப் பிடி பிடிச்சாங்க போல."

சிரிக்க வாய் திறந்த ஜட்ஜம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவருக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் பாய்லரை மறந்துவிட வேண்டியதுதான். ஒரு நாள் தண்ணீரில் பாய்லருக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. இன்று ஒரு படலம், நாளை அதன்மேல் இன்னொன்று, என்றோ ஒருநாள் குழாய் பிளக்கும். 'நீலம்' என்று எழுதிவிட்டுச் சத்தமில்லாமல் தொட்டியைக் கழுவினால் யாருக்குத் தெரியப்போகிறது?

பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது.

"எழுதும்மா," என்றார் கணவர். "இன்னிக்கு நீ மாத்தி எழுதினா, நாளைக்கு உன் நீலத்தை நம்பி நான் எப்படி இந்த பாய்லர் முன்னாடி நிப்பேன்?"

அரைமணியில் சலவைப் பிரிவு மேலாளர் போனில் கத்தினார். "நீராவி எங்கம்மா? யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"தண்ணியைக் கேட்டுத்தான் சார்."

மூன்றாம் நாள் மெமோ வந்தது. கணவரைச் சலவைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் காலையில் அங்கிருந்து போன் போடுகிறார்: "ஜட்ஜம்மா, இன்னிக்கு என்ன கலரு?"

அந்த அம்மாள் செய்தது இவ்வளவுதான்: சிவப்பைச் சிவப்பென்று எழுதினார், கழுவாமல் விட்டவர் பெயரையும், அந்நேரம் அவர் கையை யார் பிடித்திருந்தார் என்பதையும் எழுதினார், நீலம் வரும்வரை பாய்லரை நிறுத்திவைத்தார்.